உயரமான பூச்செடிகளுக்குச் செடியையே முட்டாகக் கொடுங்கள்

கொங்கு நாட்டில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களை வெயிலைவிட அதிகம் சோதிப்பது காற்றுதான். வைகாசிக் கடைசியில் கிளம்பி ஆவணி முடியும்வரை, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று நுழைந்து வீசுகிறது. அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணமே இதுதான். மழையில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. நமக்கு வந்து சேர்வது காற்றும் கொஞ்சம் சாரலும். இடுப்புக்கு மேல் வளர்ந்து, மொட்டுக் கட்டி, இன்றோ நாளையோ பூக்கவிருந்த சூரியகாந்தியும் காஸ்மாஸும் ஒரே இரவில் தரையோடு படுத்துவிடும். அதைப் பார்த்த புதியவர்கள் பலர், நம் ஊருக்கு உயரமான பூ ஒத்துவராது என்று முடிவு கட்டிக் குட்டை ரகங்களோடு நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டியதில்லை. மூங்கில் குச்சியும் நைலான் கயிறும் தவிர இன்னொரு வழி இருக்கிறது: பக்கத்தில் வேறொரு செடியை வளர்த்து, அதையே முட்டாக, அதாவது சாயாமல் தாங்கும் துணையாக நிறுத்துவது.

இது நமக்குப் பழக்கமில்லாத உத்தியும் அல்ல. பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைப்பார்கள். அது எழுந்து நின்ற பிறகுதான் கொடியை நட்டு அதன்மேல் ஏற்றுவார்கள். காங்கேயம் வட்டாரத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கல்லும் கம்பியும் இல்லாமல் முள்கிளுவையையே வேலியாக வளர்த்துத் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்க்கிறார்கள். மஞ்சள் காட்டின் ஓரத்தில் ஆமணக்கும் அகத்தியும் நிற்பதை ஈரோட்டுப் பக்கம் போகிற யாரும் பார்க்கலாம். உயிருள்ள செடியைக் கம்பமாகவும் வேலியாகவும் நிறுத்தத் தெரிந்த சீமை இது. அந்த அறிவை வீட்டுப் பூப்பாத்திக்குக் கொண்டுவருவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கொடிக்காலில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் வரிசை: முட்டு முதலில், பூ பிறகு. புதியவர்கள் பூச்செடி சாயத் தொடங்கிய பிறகு முட்டுச்செடியைத் தேடுகிறார்கள். அப்போது கடையில் குச்சி வாங்கலாம், செடி வாங்க முடியாது.

குச்சி கட்டுவது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது செடியை ஒரே இடத்தில், அசையவிடாமல் பிடிக்கிறது. காற்று அடிக்கும்போது கட்டுக்குக் கீழே தண்டு அசையாது. கட்டுக்கு மேலே தலை மட்டும் ஆடும். விசை முழுவதும் கட்டுப் போட்ட இடத்தில் வந்து இறங்குவதால் தண்டு அங்கேயே முறிகிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. காற்றில் ஆடி வளர்கிற தண்டு சற்றுக் குட்டையாக, தடித்து, உரமேறி வளரும். அசையாமல் கட்டிவைத்த தண்டு நீண்டு மெலியும். கட்டை அவிழ்த்த அன்று தன் பூவின் பாரத்தைத் தானே தாங்காது. பக்கத்துச் செடி அப்படி இறுக்கிப் பிடிப்பதில்லை. பூச்செடி சாயும்போது தானும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, பாரத்தை நாலைந்து கிளைகளில் வாங்கிக்கொள்கிறது, காற்று ஓய்ந்ததும் இரண்டும் சேர்ந்து நிமிர்கின்றன.

காற்றின் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நம் பக்கத்தில் ஆடிக் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும் என்பது பொது விதி. ஆனால் உங்கள் தோட்டத்தில் அது வீட்டுச் சுவரில் மோதித் திரும்பலாம், இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சந்து வழியாக வேகமெடுத்து வரலாம், பக்கத்துத் தென்னந்தோப்பில் பாதி வலுவை இழந்து வரலாம். நாலடிக் குச்சியின் நுனியில் பழைய வேட்டித் துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டிப் பாத்தியின் நடுவில் நட்டுவையுங்கள். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். பகல் ஏற ஏறக் காற்று வலுப்பதால் பிற்பகல் பார்வைதான் முக்கியம்.

மேற்கே மதில் இருக்கிறது, எனக்குக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். கெட்டியான சுவரில் மோதுகிற காற்று மேலே ஏறித் தாண்டி, மறுபக்கம் சுழன்று இறங்குகிறது. அந்தச் சுழலில் செடி நாலாபக்கமும் அலைக்கழியும். பாதி அடைப்பு, பாதி இடைவெளி என்று இருக்கும் செடிவேலி காற்றை நிறுத்துவதில்லை. சலித்து, வேகத்தைக் குறைத்து உள்ளே விடுகிறது. இப்படிப்பட்ட வேலியின் பயன் அதன் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரம்வரை தெரியும். நாலடி உயரச் செடிவரிசை ஒரு வீட்டுத் தோட்டத்துக்குத் தாராளம்.

மேற்கே தடுப்பு, கிழக்கே தாங்கல்

இந்த முறையில் பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். காற்று மேற்கிலிருந்து வந்தால் பூச்செடி கிழக்கே சாயும். ஆகவே மேற்கே நடுகிற செடி காற்றை உடைக்குமே தவிர, சாய்கிற செடியைத் தாங்காது. தாங்குவதற்குக் கிழக்கே இன்னொரு செடி வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலை, இரண்டுக்கும் வெவ்வேறு உயரம். மேற்கே நிற்கும் தடுப்பு, பூச்செடியின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கலாம். கிழக்கே நிற்கும் தாங்கல் பாதிக்கு மேல் போகக் கூடாது; போனால் காலை வெயிலை மறைத்துவிடும்.

வெயில் கணக்கும் இந்த அமைப்புக்குச் சாதகமாகவே இருக்கிறது. மேற்கே உயரம், கிழக்கே தாழ்வு என்றால் பூச்செடிக்குக் காலை முதல் நண்பகல் தாண்டும்வரை முழு வெயில் கிடைக்கும். நம் ஊரின் கொடுமையான மூன்று மணி வெயிலில் மட்டும் கொஞ்சம் நிழல் விழும். சூரியகாந்தி இளமையில் சூரியனோடு திரும்பும் என்றாலும், முழுதாக மலர்ந்த பிறகு கிழக்கு நோக்கியே நின்றுவிடும். அதாவது ஆடி மாதக் காற்று அதன் முதுகில் நேராக அறையும். விதை பிடித்துக் கனத்த தலை, முன்பக்கம் கவிழ்ந்த கழுத்து, பின்னாலிருந்து காற்று. இந்த மூன்றும் சேரும்போது மேற்கே தடுப்பில்லாத சூரியகாந்தி முறியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறும். வடகிழக்குப் பருவமழையில் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். அதைவிட, மழைநீர் பூவில் தேங்கும் கனமும் அடிமண் சொதசொதப்பதும்தான் செடியைச் சாய்க்கும். அந்தப் பருவப் பூவுக்கு இருபக்கமும் தாழ்வான தாங்கல் போதும்; உயரத் தடுப்பு அவ்வளவு முக்கியமில்லை.

எந்தச் செடி முட்டுக்கு ஆகும்?

முட்டுச்செடிக்கு நான்கு குணம் வேண்டும். தண்டு விறைப்பாக இருக்க வேண்டும். அடியிலிருந்தே கிளைக்க வேண்டும். வேர் பக்கவாட்டில் ஓடிப் பூச்செடியின் சோற்றைப் பிடுங்கக் கூடாது. பின்னிக்கொள்ளும் கொடியாக இருக்கக் கூடாது.

இந்த நான்கிலும் தேறுகிற முதல் செடி துவரை. ஆணிவேர் ஆழமாக இறங்கும், தண்டு மரமாக உரமேறும், வறட்சி தாங்கும், கிளை மேல்நோக்கிப் போகும். அதன் ஒரே குறை, முதல் ஒன்றரை மாதம் நத்தையாக வளர்வது. அதனால்தான் முன்னதாக விதைக்க வேண்டும். துவரை வேர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து உடனே பக்கத்துச் செடிக்கு ஊட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உயிரோடு இருக்கும்போது அது பிடிப்பதில் பெரும்பங்கு தனக்கே. செடி முடிந்து வேரும் இலையும் மட்கும்போதுதான் அடுத்த பயிருக்குக் கிடைக்கும்.

அடுத்து வெட்டிவேர். அதன் வேர் பக்கத்தில் படராமல் நேர்கீழே போவதால் பூச்செடியோடு சண்டை இல்லை. ஒரு முறை நட்டால் பல ஆண்டு நிற்கும். மூன்றடிக்கு மேல் போகும்போது அரிவாளால் அறுத்து, அறுத்த தழையை அதே பாத்திக்கு மூடாக்காகப் போடலாம். நிரந்தரமாக ஒரே இடத்தில் பூப்பாத்தி வைத்திருப்பவர்கள் மேற்கு ஓரத்துக்கு இதையே தேர்ந்தெடுங்கள்.

கிழக்கே தாங்கலுக்கு என் முதல் தேர்வு கொத்தவரை. பக்கக்கிளை அதிகம் போடாமல் ஈட்டிபோல் நிமிர்ந்து வளரும் ரகங்கள் உண்டு. அவற்றை அரையடிக்கு ஒன்றாக நெருக்கி விதைத்தால் இடுப்பளவு வேலி கிடைக்கும், சமையலுக்குக் காயும் கிடைக்கும். பூவோடு பூவாகவே இருக்க வேண்டும் என்றால் வாடாமல்லி. முழங்கால் உயரத்தில் அடர்ந்து புதராகும், தண்ணீர் குறைவாகக் கேட்கும், மாதக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும். அரை நிழல் விழும் இடத்துக்குக் கனகாம்பரம் பொருந்தும். திருநீற்றுப்பச்சையும் புதர்கட்டி வளரும்; தேனீ தேடி வருவது கூடுதல் லாபம்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சங்குப்பூ, முடக்கத்தான், கொடி அவரை ஆகியவை தாங்கிக்கொள்ள ஆள் தேடுகிறவை. பூச்செடியைப் பிடித்து ஏறி அதையே கீழே இழுத்துவிடும். முருங்கைக் கிளை காற்றில் முறிந்து பூச்செடிமேல் விழும். அகத்தி பத்தடி தள்ளி ஓரத்தில் நிற்கலாம், பாத்திக்குள் வேண்டாம். அதுவும் பலத்த காற்றில் ஒடியும். செம்பருத்தி விறைப்பான புதர்தான் என்றாலும் மாவுப்பூச்சியின் பிறந்தவீடு. செம்பருத்தி, வெண்டை, ஹாலிஹாக் மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் அவற்றை ஒன்றுக்கொன்று முட்டாக நிறுத்தினால் ஒன்றின் பூச்சி மற்றொன்றுக்குப் போக நாமே பாலம் போட்டதாகிவிடும்.

சூரியகாந்தியை வைத்து முழு முறையும்

புதியவர்கள் சூரியகாந்தியில் தொடங்குங்கள். விதை பெரியது, முளைப்பு நிச்சயம், மூன்று மாதத்தில் முழுக்கதையும் கண்முன் நடந்து முடிந்துவிடும்.

பாத்தியை வடக்கு தெற்காக நீளவாக்கில் அமையுங்கள். நாலடி அகலம் போதும். ஓரடி ஆழத்துக்குக் கொத்திவிட்டு, மட்கிய தொழு உரம் கலந்துகொள்ளுங்கள். செம்மண் சீக்கிரம் காய்ந்து இறுகும் என்பதால் உரம் சற்றுத் தாராளமாக இருக்கட்டும். கரிசலாக இருந்தால் பாத்தியைத் தரையிலிருந்து அரையடி உயர்த்துங்கள். நனைந்த கரிசலில் செடி முறியாமல் வேரோடு சாயும்.

மேற்கு ஓரத்தில் துவரையை ஒன்றரை அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு விதை போட்டு ஊன்றுங்கள். நீண்ட வயது ரகமாகக் கேட்டு வாங்குவது அவசியம். குறுகிய வயது ரகம் சீக்கிரம் பூத்துக் காய்த்துவிடும்; துவரைக் காயைத் துளைக்கிற அதே பச்சைக் காய்ப்புழுதான் சூரியகாந்தித் தலையையும் செண்டுமல்லி மொட்டையும் துளைக்கிறது. நீண்ட வயது ரகம் காய்க்கும்போது சூரியகாந்தி அறுவடையாகிப் போயிருக்கும். முளைத்தபின் குழிக்கு ஒன்றை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். செடி முழங்கால் உயரம் தாண்டுவதற்குள் நுனிக்குருத்தை இரண்டு விரல் நீளத்துக்குக் கிள்ளுங்கள். அதன்பின் அது மேலே ஓடாமல் பக்கக்கிளை விடும். முட்டுக்குத் தேவை அந்தக் கிளைகள்தான்.

துவரை விதைத்து ஐந்தாறு வாரம் கழித்து, அதிலிருந்து இரண்டடி தள்ளிச் சூரியகாந்தி விதையை ஓரடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். அதே நாளிலோ ஒரு வாரம் பிந்தியோ, இன்னும் ஒன்றரை அடி கிழக்கே கொத்தவரை. இதற்குமேல் நெருக்கினால் சூரியகாந்தி வெளிச்சம் தேடி நெட்டையாகி மெலியும். நாம் தீர்க்க வந்த சிக்கலையே பெரிதாக்கிக்கொள்வோம்.

சூரியகாந்தி மார்பளவு வந்ததும் ஒரு மாலை வேளையில் வரிசையாகப் போய்ப் பாருங்கள். காலையில் தண்டு நீர் நிறைந்து விறைத்திருக்கும், தொட்டால் ஒடியும். மாலையில் கொஞ்சம் துவண்டு, சொன்னபடி வளையும். துவரையின் பக்கக்கிளை ஒன்றை மெதுவாகச் சூரியகாந்தியின் கிழக்குப் பக்கமாகக் கொண்டுவந்து, அடுத்த செடிக்கு நடுவில் உள்ள இடைவெளியில் விட்டுவிடுங்கள். அடுத்த கிளையைச் சற்று உயரத்தில், எதிர்ப்பக்கமாக விடுங்கள். கயிறே தேவைப்படாது, கிளைக்கவையில் தண்டு உட்கார்ந்துகொள்ளும். எங்காவது கட்டியே ஆக வேண்டும் என்றால் ஊறவைத்த வாழைநாரால், தண்டுக்கும் கிளைக்கும் நடுவில் ஒருமுறை குறுக்கிட்டு எட்டுப்போல வளைத்து, ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டுங்கள். நைலான் வேண்டாம், தண்டு தடிக்கும்போது அறுத்துவிடும். வாழைநார் தன் வேலை முடிந்ததும் தானாக மட்கி உதிரும்.

துவரை நாலடியைத் தாண்டினால் நுனியை மறுபடியும் வெட்டிவிடுங்கள். வெட்டியதை ஆடு வைத்திருப்பவர் வீட்டுக்குக் கொடுத்தால் வாசலில் வந்து வாங்கிப்போவார்கள்.

கிளியிடமிருந்தும் மயிலிடமிருந்தும் இந்த முறை காப்பாற்றாது. விதை பிடிக்கும் பருவத்தில் தலைக்கு வலையோ பழைய மெல்லிய துணியோ சுற்றத்தான் வேண்டும்.

மற்றப் பூக்கள்

செண்டுமல்லிக்கு ஆயுதபூஜையைக் குறிவைத்துத் திட்டமிடுவது நம் ஊர் வழக்கம். நாற்றை நட்டுச் சுமார் இரண்டு மாதத்தில் நல்ல பூ வரும் என்பதால் ஆனியில் நாற்றுவிட்டு ஆடியில் நடுவார்கள். பேய்க்காற்று அடிக்கும்போது செடி இன்னும் சிறிதாக இருக்கும், அது நல்லது. ஆனால் பூக்கிற புரட்டாசியில் மாலை இடிமழை வரும். உயர ரகச் செண்டுமல்லி தண்டில் முறிவதைவிடக் கவையில் பிளப்பதுதான் அதிகம். நனைந்த பூவின் கனம் கிளையை அப்படியே கிழித்துவிடும். இதற்குத் தனித்தனி முட்டு தேவையில்லை. ஒன்றேகால் அடி இடைவெளியில், இரட்டை வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக நடுங்கள். நட்ட ஒரு மாதத்தில் நுனி கிள்ளுங்கள், அப்போதே தண்டில் மூன்று நான்கு விரல் உயரத்துக்கு மண் அணைத்துவிடுங்கள். புதைந்த தண்டிலிருந்து புதுவேர் வரும், பிடிப்பு இரட்டிப்பாகும். செடிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். பாத்தியின் இரண்டு வெளி ஓரத்துக்கு மட்டும் கொத்தவரை வரிசை போதும்.

சம்பங்கிக்குக் குட்டைச் செண்டுமல்லியைத் துணை சேர்ப்பதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி. சத்தியமங்கலம் பக்கத்துப் பூக்காடுகளில் சம்பங்கி போடுகிறவர்களைக் கேட்டால், நூற்புழுத் தொல்லையை முதலில் சொல்வார்கள். வேரில் முடிச்சு முடிச்சாக விழுந்து, செடி வெளிறி, பூத்தண்டு குட்டையாகிவிடும். செண்டுமல்லி வேரிலிருந்து வரும் பொருள் அந்தப் புழுவை அடக்கும். ஆகவே சம்பங்கி வரிசைகளுக்கு நடுவில் ஓரடிக்கு மேல் வளராத குட்டை ரகச் செண்டை நட்டால், கீழே வேருக்குக் காவல், மேலே பூத்தண்டின் அடிக்கு அணைப்பு. உயர ரகத்தை நட்டால் சம்பங்கிக்கு வெயில் போய்விடும். அது முழு வெயில் கேட்கிற பயிர். கிழங்கைத் தனித்தனியாக நீள வரிசையில் வைக்காமல் நாலைந்தாகச் சேர்த்துக் குத்தாக ஊன்றினால் பூத்தண்டுகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். மேற்கே மூன்றடி தள்ளி வெட்டிவேர் இருந்தால் போதும்.

காஸ்மாஸ் உரம் அதிகம் கிடைத்தால் ஆறடிக்கு எகிறி, பூக்காமல், சாயும். மெலிந்த மண்ணில், எருவே போடாமல், வரிசையாக இல்லாமல் சதுரமாக அடர்த்தியாகத் தூவுங்கள். நடுநடுவே வாடாமல்லி நாற்று. அவ்வளவுதான்.

கோழிக்கொண்டையின் மடிப்புகளில் மழைநீர் தேங்கும். மழை விட்டதும் தலையை மெல்லத் தட்டி நீரை உதிர்த்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இளஞ்செடியில் நுனி கிள்ளினால் ஒரே பெரிய கொண்டைக்குப் பதில் நாலைந்து நடுத்தரக் கொண்டை கிடைக்கும், சாய்வது குறையும்.

டேலியாவுக்கு இந்த முறை மட்டும் போதாது. தண்டு உள்ளே பொள்ளல், பூவோ தட்டுப்போல் பெரியது. சமவெளியில் அதைக் குளிர்மாதங்களில்தான் வளர்க்க முடியும். கிழங்கு நடும்போதே நடுவில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு, சுற்றிலும் வாடாமல்லி வையுங்கள்.

செங்காந்தளும் விராலியும்

மூலனூர், தாராபுரம் பக்கத்தில் செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி விதைக்காக ஏக்கர் கணக்கில் சாகுபடி செய்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். செடிக்குச் செடி முட்டு என்பதை அருகில் நின்று பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு கிழங்காவது வளர்த்துப் பார்க்க வேண்டும்.

கொடி என்று சொன்னாலும் இதன் தண்டு எதையும் சுற்றுவதில்லை. பிடிப்பது இலை. ஒவ்வொரு இலையும் நுனியில் ஒடுங்கி நூல்போல் நீண்டு, கடைசியில் சுருளாக முடியும். அந்தச் சுருள் பக்கத்துக் குச்சி ஒன்றைத் தொட்டதும் அதைச் சுற்றத் தொடங்கும். ஓரிரு நாளில் இரண்டு மூன்று சுற்றுப் போட்டு இறுக்கிவிடும். தடித்த மூங்கிலையோ சுவரையோ இந்தச் சுருளால் பிடிக்க முடியாது. பென்சில் பருமனுக்கும் குறைந்த சிம்புகள் வேண்டும். அதனால்தான் காட்டில் இதற்கு முள்கிளுவையும் விராலியும் துணை. விராலி வறண்ட குன்றிலும் காற்றுக்கு அசராமல் பச்சையாக நிற்கும் புதர். மெல்லிய சிம்புகள் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு சிம்பிலும் ஒரு இலைநுனி சுருண்டு பிடித்திருக்க, மேலே பச்சையும் மஞ்சளுமாக விரிந்து பிறகு சிவப்பேறும் நெளிநெளியான இதழ்களைப் பார்த்தால் கடைக் குச்சியை இதற்கு ஊன்ற மனம் வராது.

விராலியை முந்திய ஆண்டே நட்டு இரண்டரை அடி புதராக்கிக்கொள்ளுங்கள். கிளுவை என்றால் போத்தை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். ஆனி, ஆடியில் கிழங்கைப் புதரிலிருந்து ஓரடி தள்ளி, அரையடி ஆழத்தில் படுக்கைவாக்கில் வையுங்கள். கிழங்கின் கவைபோன்ற வடிவத்தில் முளை நுனியில்தான் இருக்கும். அது ஒடிந்தால் கிழங்கு வீண். தண்ணீர் தேங்கினால் அழுகும்.

எச்சரிக்கை ஒன்று, இதை இரண்டு முறை படியுங்கள். செங்காந்தளின் எல்லாப் பாகமும் நஞ்சு. கிழங்கும் விதையும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு நஞ்சு. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் ஆடுமாடு நுழையும் இடத்திலும் நடாதீர்கள். கிழங்கைக் கையுறை போட்டுத் தொடுங்கள், சேனை, மரவள்ளி போன்ற உணவுக்கிழங்குகளோடு சேர்த்து வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தண்ணீரும் உரமும்

பாதிச் செடிகள் சாய்வது காற்றால் அல்ல, நம் கையால். தினமும் பூவாளியில் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். முட்டு எத்தனை நல்லதாக இருந்தாலும் செடி வேரோடு புரளும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை, மண்ணின் ஈரத்தைக் கையால் பார்த்து, ஆழமாக நனையும்படி அடியில் பாய்ச்சுங்கள். பொள்ளாச்சியில் கிடைக்கும் மட்கிய தென்னைநார்க் கழிவை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

யூரியா, பச்சைச் சாணக் கரைசல் என்று தழைச்சத்தை அள்ளி ஊற்றாதீர்கள். செடி கரும்பச்சையாக, தளதளவென்று, கண்ணுக்கு அழகாக வளரும். தண்டு மட்டும் சோடையாக இருக்கும். மொட்டு வைக்கும் சமயத்தில் கைப்பிடி விறகுச் சாம்பல் வேரடியில் தூவிக் கொத்திவிடலாம். அதிலுள்ள சாம்பல்சத்து தண்டுக்கு உரம் சேர்க்கும்.

செடிகள் நெருங்கி நிற்பதால் வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துவரைக் குருத்தில் அசுவினி கூட்டமாக உட்கார்ந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மீண்டும் வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல். அடர்ந்தால் பாம்பு வருமோ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. எல்லாச் செடியிலும் தரையிலிருந்து முக்கால் அடிவரை உள்ள இலைகளைக் கழித்து, அடி தெரியும்படி வையுங்கள். காற்றோட்டமும் கிடைக்கும், நோயும் குறையும்.

மாடித் தோட்டத்தில் இடைவெளிக் கணக்கு மட்டும் மாறும். ஒரே பையில் இரண்டையும் நட்டால் வேருக்கு இடம் போதாது. முட்டுச்செடியைத் தனிப் பையில் வளர்த்துப் பூச்செடிப் பையோடு ஒட்டி வையுங்கள். மாடியில் காற்று கூடுதல் என்பதால் பைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடுவதும் நல்லது.

பூ முடிந்த பிறகு

சூரியகாந்தியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதன் கழிவு மண்ணில் கிடந்தால் சில விதைகளின் முளைப்பைத் தடுக்கும். கொத்தவரையைத் தரையோடு அறுத்து வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். துவரை மட்டும் நிற்கட்டும். முட்டு வேலையிலிருந்து விடுபட்டதும் அது தன் போக்கில் கிளைத்து மார்கழி, தையில் காய்க்கும். பச்சைத் துவரைக் குழம்பு வைக்கும் அளவுக்கு ஒரு வீட்டு வரிசையிலேயே கிடைக்கும். காய் பறித்து முடிந்ததும் துவரையையும் தரையோடு வெட்டி, மாரை, அதாவது தண்டையும் கிளையையும், காயவைத்துக் கட்டாகக் கட்டி வையுங்கள். அடுத்த பட்டத்தில் முட்டுச்செடி வளரத் தாமதமாகும் இடங்களில் அந்தக் கிளைத்த மிளாறுகளைக் காஸ்மாஸ் நாற்றுகளுக்கு நடுவில் ஊன்றிவிட்டால், செடி வந்து சேரும்வரை அவை தாங்கும்.